குட்டி ஜப்பான் என்று நான் சொன்ன பிற்பகல்

ஆற்றுக் கொள்ளையர்களிடம் சிக்கிய ஓர் இளைஞன், தன்னோடு பிடிபட்டவர்களுடன் சேர்ந்தே விடுதலையாகியிருக்க வேண்டியவன், என்னுடைய வீண்பெருமையால் மாதக்கணக்கில் கூடுதலாக அடைபட்டுக் கிடந்தான். அந்தப் பழி அவனைப் பெற்றவள் மேல் விழுந்தது. உண்மை தெரிந்த ஒரே ஆளாகிய நான் வாய் திறக்கவில்லை. இந்த இரண்டில் எது பெரிய குற்றம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதலாவது என்னை மீறி நாக்கிலிருந்து வந்துவிட்டது. இரண்டாவதை நான் ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்து புதிதாகச் செய்தேன்.

ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகும் பக்கத்தில் எங்கள் கிராமம். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்தேன். கல்லூரியில் விரிவுரையாளர் ஆகிவிட வேண்டும் என்று மேலே மேலே படித்தும் அந்த வேலை கிடைக்கவில்லை. மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறேன். எங்கள் குடும்பத்துக்குக் கரிசல் காடு கொஞ்சம் உண்டு. என் தகப்பனார் காலத்தில் அதில் கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது ஃபயர் ஆபீசுக்குப் போகிறார்கள். பட்டாசு ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு எம். புதுப்பட்டிப் பக்கம் போகும். சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும்.

அப்படிப் போகிற ஒரு தம்பதியின் ஒரே பிள்ளை அவன். தகப்பன் வெடிமருந்து கலக்குகிறவர். தாய் பட்டாசுச் சரம் பின்னுகிறவள். நான் அந்தத் தகப்பனை நீ, வா, போ என்றுதான் பேசிவந்தேன். எழுதும்போது மட்டும் 'அவர்' என்று வருகிறது. பிள்ளையை ஃபயர் ஆபீஸ் பக்கமே விடக்கூடாது என்று இருவரும் பிடிவாதமாக இருந்தார்கள். அவன் என்னிடம் படித்தவன். சமையல் படிப்பு ஒன்றை முடித்து, ஏஜென்ட் ஒருவர் மூலமாக ஒரு சிறிய எண்ணெய்க் கப்பலில் சமையல்காரருக்கு உதவியாளாகச் சேர்ந்தான். வெடிக்குத் தப்பித்துத் தண்ணீருக்குப் போய்விட்டான் என்று ஊரில் எல்லோருக்கும் நிம்மதி.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். ஒரு நாள் காலையில் தாயும் தகப்பனும் வேலைக்குப் போகாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவள் கையில் செல்போன் இருந்தது.

"வாத்தியாரய்யா, எம்புள்ளைய ஆத்துல வச்சுப் பிடிச்சுட்டுப் போயிட்டாகளாம். இங்கிலீஸ்ல பேசுதாக. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

பேசியவர் மும்பையிலிருந்த கப்பல் கம்பெனிக்காரர். விவரம் இதுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய ஆறு ஒன்று பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேருகிற இடம். கப்பல் ஆற்றுக்குள் நங்கூரம் போட்டுத் தன் முறைக்குக் காத்திருந்திருக்கிறது. இரண்டு விசைப்படகுகளில் துப்பாக்கியோடு வந்தவர்கள், கப்பலை விட்டுவிட்டுக் கேப்டனையும் இன்னும் சிலரையும் இறக்கிக்கொண்டு கால்வாய்களுக்குள் மறைந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சரக்கு வேண்டாம். ஆளைப் பிடித்து வைத்துப் பணயத் தொகை கேட்பதுதான் தொழில்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிர்ப்புறத்து டீக்கடைக்காரர் வந்து நின்று கேட்டார்.

"ஆத்துலயா? நம்ம வைப்பாத்துல மணலத்தானய்யா அள்ளிட்டுப் போவாக. அங்கன ஆளையுமா அள்ளுதாக?"

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே என்னவோ போலாகிக் கடைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

கம்பெனிக்காரர் கண்டிப்பாக ஒன்றைச் சொன்னார். கொள்ளைக்காரர்கள் பிடிபட்டவர்களை அடித்து வீட்டு நம்பரை வாங்கி, நேராக வீட்டுக்கே பேசுவார்கள். அப்படி வந்தால் பணத்தைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசக்கூடாது. "நாங்கள் ஏழைகள், கம்பெனியோடு பேசுங்கள்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். வீட்டில் வசதி இருக்கிறது என்று தெரிந்தால், கம்பெனியோடு ஒப்பந்தம் முடிந்தாலும் அந்த ஒரு ஆளை மட்டும் விடமாட்டார்கள். இதை நான் அந்தத் தம்பதிக்கு இரண்டு முறை தமிழில் எடுத்துச் சொன்னேன். அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள்.

ஃபயர் ஆபீசுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. தீப்பெட்டி, பீடியோடு அதையும் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். சீசனில் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார அவர்களால் முடியாது. ஆகவே வேன் ஏறுவதற்கு முன் போனை என்னிடம் தந்துவிட்டுப் போவது, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது அவர்களிடம் இருக்கும்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் தகப்பன் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வாசலுக்கு வருவார். அலுமினியப் பொடி ஒட்டிய கையும் முகமும் வெள்ளிப் பூச்சுப் பூசியதுபோல் மின்னும். "போன் வந்துச்சாய்யா?" என்பார். "வரலைப்பா" என்பேன். அந்தக் கையால் போனை வாங்காமல் வேட்டி நுனியை விரித்து அதில் போடச் சொல்வார்.

ஒரு பிற்பகல் போன் வந்தது. வெளிநாட்டு நம்பர். நான் தனியாக இருந்தேன்.

மிரட்டும் குரலை எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஓர் இளைஞனின் மென்மையான குரல். யார் பேசுவது என்று ஆங்கிலத்தில் கேட்டான். கம்பெனிக்காரர் சொல்லித் தந்தபடி நாங்கள் ஏழைகள், கம்பெனியோடு பேசுங்கள் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவன் சிரித்தான்.

"ஏழைகள் இப்படிப் பேசமாட்டார்கள் சார். உங்கள் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. நீங்கள் புரொஃபசரா?"

என் வாழ்நாள் முழுவதும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்றேன். எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். அது எங்கே இருக்கிறது, மழை பெய்யுமா, மக்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று, வகுப்பில் நல்ல மாணவன் கேட்பதுபோல் கேட்டான். எங்கள் ஊர்க்காரன் யாரும் வெளியூரானிடம் சொல்லாமல் விடாத பாட்டு ஒன்று இருக்கிறது. மழை கிடையாது, ஆறு வறண்டு கிடக்கும், ஆனால் எங்களிடம் பிச்சைக்காரன் கிடையாது. நாடு முழுவதும் வெடிக்கிற பட்டாசு எங்களுடையது. எங்கள் ஊரைக் குட்டி ஜப்பான் என்று சொல்வார்கள். ரயிலில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில் நாங்கள் எல்லோரும் இதைச் சொல்லியிருக்கிறோம். நான் அதை ஒரு கொள்ளைக்காரனிடம், ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஜப்பான்" என்று அவன் மெதுவாகத் திருப்பிச் சொன்னான். "அப்படியானால் இவனுடைய குடும்பமும் அந்தப் பட்டாசுத் தொழிலில்தானா?"

"ஆமாம்" என்றேன்.

அது பொய்யில்லை. அவர்கள் கூலிக்குப் போகிறவர்கள் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு பெருமை பேசிவிட்டு, நான் ஒரு கூலிக்காரர் வீட்டுப் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. அவன் நன்றி சொல்லி வைத்தான். வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் தகப்பன் வந்தார். "போன் வந்துச்சாய்யா?"

"வந்துச்சு. சும்மா மிரட்டினான். கம்பெனியோட பேசுன்னு சொல்லி வச்சுட்டேன்."

"எம்புள்ள குரல் கேட்டுச்சா?"

அவனைப் பேசவிடு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "இல்லப்பா" என்றேன். அவர் வேட்டி நுனியை விரித்தார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை போன் அவர்கள் வீட்டில் இருந்தபோது ஓர் அழைப்பு வந்தது. அன்று பிள்ளையையே பேசவிட்டிருக்கிறார்கள். தெருவே கூடிவிட்டது. தாய் கதறியிருக்கிறாள். "கலங்காதலே, எதை வித்தாவது உன்னைய மீட்டுருவோம்" என்று சொல்லியிருக்கிறாள். விற்பதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. பெற்றவள் வாயில் வேறு என்ன வரும்?

தீபாவளியை ஒட்டிக் கம்பெனி பணம் கொடுத்து ஒப்பந்தம் முடித்தது. எல்லோரும் வருகிறார்கள் என்று சொன்னார்கள். படகிலிருந்து இறக்கிவிட்டபோது எங்கள் ஊர்ப் பிள்ளை மட்டும் இல்லை. கம்பெனிக்காரர் என்னிடம் கோபமாகக் கேட்டார்: "இவனுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். வீட்டில் பட்டாசுத் தொழில் நடத்துகிற பணக்காரன் என்கிறார்கள். யாராவது பேசினீர்களா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தது. என் வீட்டு வாசலில் பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். "யாராச்சும் பேசினீகளான்னு கேக்காரு" என்று நான் தமிழில் சொன்னேன். எனக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளன் கேள்வியை மட்டும் கடத்திவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டான்.

"நான்தான் பேசினேன்" என்றாள் தாய். அவள் அதை நம்பினாள். "விப்போம், மீட்டுருவோம்னு நான்தான் சொன்னேன். நான்தான் எம்புள்ளையக் கெடுத்தேன்."

தகப்பன் அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். "அம்புட்டுச் சொல்லியும் உனக்கு வாய் நிக்கலையா?" என்றார். கூட்டத்தில் ஒருத்தி, "விக்கதுக்கு இருக்குன்னு சொன்னா அவன் விடுவானா?" என்றாள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. படித்தவர், நிலம் வைத்திருப்பவர், வாத்தியார். என்னிடம் தப்பு இருக்கும் என்று நினைக்கவே அவர்களுக்குத் தெரியவில்லை. கம்பெனிக்காரரிடம், "அம்மா அழுதிருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

தீபாவளி முடிந்து ஃபயர் ஆபீஸ்கள் மூடிக் கிடந்த நாட்களில் புருஷன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பேச்சில்லாத வீடு என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். தை பிறந்து ஆலைகள் திறந்த பிறகு வேனிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. "வாயாலேயே பிள்ளைய அடகு வச்சவ" என்று ஒருத்தி சொல்ல, அது பட்டப்பெயராகி நின்றுவிட்டது. இதெல்லாம் என் காதுக்கு வந்தது. நான் பேப்பர் படித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

மாசியில் அவன் வந்து சேர்ந்தான். கறக்க ஒன்றுமில்லை என்று கொள்ளைக்காரர்களுக்கே அலுத்துப்போய், கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்டு காய்ச்சலோடு ஒரு படகுத்துறையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆள் பாதியாக இருந்தான். ஒரு காதில் சரியாகக் கேட்கவில்லை. அவனைப் பார்க்க நானும் அவர்கள் தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் முறை.

அவன் கதையை வேடிக்கைபோல்தான் சொன்னான். "வெம்பக்கோட்டை அணைக்குள்ள கருவேலங்காடு இருக்குல்ல, அந்தக் காடே தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி நெனச்சுக்கோங்க. அதுக்குள்ள கம்பு நட்டு ஒரு கொட்டாய். ரெண்டு நாளைக்கொருக்க படகுல ஏத்தி வேற கொட்டாய்க்கு மாத்துவாங்க. ஆத்துத் தண்ணிதான் குடிக்க. என்னையப் பேர் சொல்லிக் கூப்பிடல. ஜப்பான், ஜப்பான்னுதான் கூப்பிட்டாங்க."

"ஜப்பான்காரன் கேட்டா வழக்குப் போடுவாம்லே, உன் மூஞ்சிக்கு" என்றான் அவன் கூட்டாளி. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"எதுக்குன்னு எனக்கும் தெரியல. புரொஃபசர் யாரு, உனக்கு என்ன உறவு, அவருக்கு எத்தனை ஃபேக்டரின்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. எனக்கு ஒரு புரொஃபசரையும் தெரியாதுன்னேன். தெரிஞ்சிருந்தா சொல்லித் தொலைச்சிருப்பேன்." பிறகு தாயைப் பார்த்து, "நீ பேசினத நான் அவங்களுக்குச் சொல்லவே இல்லம்மா. அவ என்ன சொல்லுதான்னு ஒருத்தன் கேட்டான். அழுவுதா, அம்புட்டுதான்னு சொன்னேன்" என்றான்.

அப்போதும் யாரும் என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் சிரிப்பு ஓயவில்லை. நான் உடம்பைப் பார்த்துக்கொள் என்று அவனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில நாட்கள் கழித்து, ஒரு சாயங்காலம், மூன்று பேரும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டார்கள். நான் உட்காரவில்லை. போனில் நான் பேசியதை ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன். புரொஃபசரா என்று அந்தக் கொள்ளைக்காரன் கேட்டதும், நான் மறுக்காததும், குட்டி ஜப்பானும், கம்பெனிக்காரரிடம் மறைத்ததும். சொல்லி முடித்தபோது பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டான்.

தகப்பன்தான் முதலில் பேசினார். "விடுங்கய்யா. தெரியாமச் சொன்னதுதான. புள்ளதான் வந்துட்டானே. பெரியவுக நீங்க, இதுக்குப் போயி..."

அவர் அப்படிச் சொன்னது என்னை அறைந்ததைவிட மோசமாக இருந்தது. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"விடுங்கய்யாவா? நான் ரெண்டு வார்த்த அழுதேன்னு அம்புட்டு நாளா எம்மூஞ்சி பாக்கல. அவுக அம்புட்டும் பேசிட்டு வந்து நிக்காக, விடுங்கய்யாவா? எனக்கு ஒரு நியாயம், அவுகளுக்கு ஒரு நியாயமா?"

"ஏ, சத்தம் போடாத."

"போடத்தான் செய்வேன்." என்னிடம் திரும்பியபோது அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "வாத்தியாரய்யா, எங்கிட்டச் சொல்லிட்டீக. நானும் கேட்டுக்கிட்டேன். என்னையப் பேசினது இந்த வீட்டுக்குள்ள மட்டுமில்ல. வேன்ல பேசினாக. வேன்ல வந்து சொல்லுங்க."

மறுநாள் விடியற்காலையில் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஏறிக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்தார்கள். டிரைவர் இறங்கப் பார்த்தார், இருக்கச் சொன்னேன். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையை அவர்கள் விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் நான்தான், அவன் தாய் இல்லை என்றேன். எப்படி என்றும் சொன்னேன். வகுப்பில் எத்தனையோ வருடம் உரக்கப் பேசிய குரல், பாதியில் கம்மிவிட்டது.

பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "கேக்கல சார், பின் பெஞ்சுக்கும் கேக்க மாதிரிச் சொல்லுங்க" என்றாள். அவள் என்னிடம் படித்தவள். இரண்டொருவர் சிரித்தார்கள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அப்போது சிரிப்பு இல்லை. பட்டப்பெயர் வைத்தவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் முன் சீட்டில் டிபன் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். வேன் போய்விட்டது.

என் தம்பி மகன் அன்றே வந்து சத்தம் போட்டான். "ஊர்ல தலை காட்ட முடியல பெரியப்பா. அவங்க வேன் வாசல்ல போய் நிக்கணுமா நீங்க? வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னா ஆகாதா?" வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவனுக்கு என்னைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

பிள்ளை சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போகிறான். காதுக்கு மதுரையில் வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். "அச்சாபீஸ் சத்தத்துக்கு ஒரு காது கேக்காம இருக்கது நல்லதுதான்னு சொல்லிருங்க" என்று பதில் வந்தது. வழியில் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகிறான். முன்பெல்லாம் இறங்கி நிற்பான். பட்டப்பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி.

போன வாரம் தகப்பன் வந்தார். வாசலில் நின்றார். உட்காரு என்றேன், உட்காரவில்லை. குளித்துவிட்டு வந்திருந்தார். முகத்தில் வெள்ளி இல்லை, வெறும் முகம்.

"ஐயா, அன்னைக்குக் கம்பெனிக்காரர் பேசிட்டு வச்சாருல்ல. வீட்டுக்குப் போனதும் அவளைக் கை நீட்டிட்டேன். யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லல."

வேட்டி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"நீங்க சொன்னதுக்கப்புறம் அவ எங்கூடப் பேச மாட்டேங்கா. சோறு வைக்கா, தண்ணி வைக்கா, பேச மாட்டேங்கா. நீங்க வேன்ல போயி நின்னுட்டீக. நான் எங்கன போயி நிக்க?"

அவளிடம்தான் போய் நிற்க வேண்டும் என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த அடிக்குக் காரணமானவன் அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. "தெரியலைங்க" என்றேன். அவரை நான் 'ங்க' போட்டுப் பேசியது அப்போதுதான். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. படி இறங்கித் தன் தெருப் பக்கம் நடந்தார்.